வெற்றுத் தட்டு

செவ்வாயும் வெள்ளியும்
கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
குடல் வாங்கப் போவேன்.
மீன் வேண்டாம், குடல் மட்டும் என்றதும்
அரிவாள்மணையிலிருந்து காலை எடுக்காமல்
சிரித்தாள் அஞ்சலாட்சி.
பூனைக்குப் போட்டியா வந்துட்டியா புள்ள.

ஒரு மீனுக்கு ஒரு கண்ணாடிக் குப்பி.
கவரில் வாங்கினால் ஆய்வு கெட்டுவிடும்.
குப்பிக்கு இரண்டு ரூபாய், ரசீது கிடையாது,
கல்லூரிக் கணக்கில் இதர செலவு.

என்னாத்த தேடுற இதுல?
பிளாஸ்டிக்.
அதுக்கா மீனை நோண்டுற,
பாலத்துக்குக் கீழ கிடக்கு, கூடை கூடையா அள்ளிக்கோ.
அதில்லைக்கா, இது கண்ணுக்குத் தெரியாதது.
கண்ணுக்குத் தெரியாததைத் தேட
கண்ணாடி போட்ட பொண்ண அனுப்பியிருக்காங்க பாரு
என்றாள் பக்கத்துக் கூடைக்காரியிடம்.

ஆய்வகத்தில் காரக் கரைசல்
இரண்டு நாளில் எல்லாவற்றையும் தின்றுவிடும்,
கொழுப்பு, குடலின் சுவர்,
கடைசியாக விழுங்கிய இறால் குஞ்சு.
மீன் மீனாக இல்லாமல் போன பிறகும்
கரையாமல் எது மிச்சமோ
அதுதான் எங்கள் வேலை.

உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டு
வடிதாளில் இறக்கி
நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தால்
வலை நைலானின் பச்சை,
எந்த வாளியின் காதோ ஒரு சிவப்புச் சில்லு,
ஷாம்பு பாக்கெட்டின் ஓரம்போல் பளபளக்கும் ஒன்று.

சந்தேகம் வந்தால் ஊசி.
ஸ்பிரிட் விளக்கில் பழுக்கக் காய்ச்சி
மெல்லத் தொட வேண்டும்.
மணல் சும்மா கிடக்கும்.
பாசி கருகும்.
பிளாஸ்டிக் மட்டும் சட்டென்று சுருண்டுகொள்ளும்
தொட்ட மரவட்டைபோல.
அந்தத் தட்டிலேயே
வலி தெரிந்ததுபோல் நடந்துகொள்வது
அது ஒன்றுதான்.

உப்பனாற்று மடவை ஒன்றுக்கு
வயிறு நிறைந்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது.
ஒரு மீனை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது
என்றார் ரெஜினா மேடம்.
சொல்லவில்லை.

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வெற்றுத் தட்டு உண்டு.
மீனே இல்லாத தட்டு.
அதே கரைசல், அதே சூடு, அதே மேசை.
அதில் ஒன்றும் இருக்கக் கூடாது.
ஆவணி இரண்டாம் வாரம்
அதில் ஒரு நூல்.
நீலம். ஒன்றரை மில்லிமீட்டர்.
ஊசியால் தொட்டேன்.
சுருண்டது.

ஜன்னல் மூடியிருந்தது.
மின்விசிறி போடக் கூடாது, போடவில்லை.
மேசையில் நீலமாக எதுவும் இல்லை.
குனிந்து பார்த்தேன்.
வெள்ளைக் கோட்டுக்குக் கீழே
ஒரு சாண் தெரிந்தது என் புடவை,
லாரன்ஸ் ரோட்டில் தள்ளுபடியில் எடுத்தது.
கசங்காது, சாயம் போகாது, சீக்கிரம் காயும்,
கடைக்காரர் சொன்ன மூன்றும் உண்மை.

வெற்றுத் தட்டில் கிடைப்பதை
மற்ற தட்டுகளில் கழித்துவிட வேண்டும்,
அது விதி.
கழித்தேன்.
என்னைக் கழித்தது போக
மத்திக்கு இரண்டு, காரப்பொடிக்கு ஒன்று,
மடவைக்கு ஏழு.

ஏழில் மூன்று நீலம்.

செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுச் சாக்கடை
கெடிலத்துக்குப் போகிறது.
கெடிலம் எங்கே போகிறது என்று
மூன்றாம் வகுப்பிலேயே எழுதி
முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, குப்பிகளை நிரப்பிவிட்டு
குடல் எடுத்த மடவை நாலைத்
தாளில் சுற்றி நீட்டினாள் அஞ்சலாட்சி.
எத்தினி பேரு அகப்பட்டாங்க இதுவரைக்கும்?
ஒருத்தி, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை, காசும் வாங்கவில்லை.

குழம்பு நன்றாக இருந்தது.
முள்ளைக்கூட விடாமல் சப்பினேன்.

நீலப் புடவை ஒன்பது நாளாகக் கொடியில் கிடக்கிறது.
வாளியில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன்.